எலும்ப எடுத்துட்டு கறிய போட்டோம்: நாய் தட்டுல எது குறையுது, எது கூடுது

எங்க செவலைக்கு அஞ்சு மாசம் இருக்கும்போது முன்னங்கால் ரெண்டும் வெளிப்பக்கமா வளைய ஆரம்பிச்சுது. மொதல்ல நாங்க அத பெருசா எடுத்துக்கல, நாட்டு நாய்க்குட்டி தானே, ஓடி ஆடினா தானா நேராயிடும்னு விட்டுட்டோம், அப்புறம் ஒரு நாள் காலைல தூக்கும்போது வீல்னு கத்துச்சு, எறக்கி விட்டா மணிக்கட்டு தரையில படுற மாதிரி தாழ்ந்து தாழ்ந்து நடக்குது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்துல புடிச்சு காட்டினாரு. எலும்பு வெள்ளையா பளிச்சுனு தெரியணும், இதுல சதையும் எலும்பும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் கலரு. "என்னம்மா குடுக்கறீங்க இதுக்கு?"ன்னு கேட்டாரு. தினமும் கோழிக்கறி தான் சார், தொண்டையில மாட்டக்கூடாதுன்னு எலும்பு ஒண்ணு விடாம பொறுக்கி எடுத்துட்டு சாதத்துல பெசஞ்சு குடுக்கறோம்னு சொன்னேன். "சரி, அந்த எலும்பு போன எடத்துல வேற என்ன போட்டீங்க?"ன்னாரு. எங்கிட்ட பதில் இல்ல.

அந்த ஒரு கேள்விதான் இவ்ளோ எழுத வெக்குது. வேலூர்ல நாய் வளக்கறவங்க ரெண்டு பேரு சேந்தா வீட்டு சாப்பாடா பாக்கெட்டான்னு தான் பேச்சு போகுது, ஒருத்தர் பாக்கெட்டே விஷம்பாரு, இன்னொருத்தர் சோறு போட்டா முடி கொட்டும்பாரு. ரெண்டுலயும் நல்லா வளந்த நாயும் இருக்கு, ரெண்டுலயும் கெட்டுப்போன நாயும் இருக்கு. எங்க சமைச்சதுங்கறத விட தட்டுல எது குறையுது எது கூடுதுங்கறது தான் முக்கியம், அத ஒரு தடவ கணக்கு பாத்துட்டா மீதி எல்லாம் தானா புரியும்.

கறி கணக்க பாருங்க. எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராம்ல பாஸ்பரஸ் சுமாரா 200 மில்லிகிராம் இருக்கு, கால்சியம் 10, 15 மில்லிகிராம் தான். நாய் உடம்புக்கு கால்சியம் குறைஞ்சது பாஸ்பரஸ் அளவுக்கு சமமாவாவது வேணும், அதிகபட்சம் ரெண்டு மடங்கு வரைக்கும் போகலாம். இங்க தலைகீழா பாஸ்பரஸ் பதினஞ்சு மடங்கு நிக்குது. சாதத்துலயும் கால்சியம் ஒண்ணும் இல்ல. அப்போ உடம்பு என்ன பண்ணும்னா, ரத்தத்துல கால்சியம் குறைய விடவே விடாது, ஏன்னா இதயம் துடிக்கவும் தசை அசையவும் அது வேணும், கழுத்துல இருக்கிற பாராதைராய்டு சுரப்பி வேலைய ஏத்திக்கிட்டு எலும்புல இருந்து கால்சியத்த உருவி ரத்தத்துக்கு அனுப்பும். ரத்த டெஸ்ட்ல கால்சியம் பெரும்பாலும் நார்மல்னு தான் வரும், எலும்பு மட்டும் உள்ளுக்குள்ள கரைஞ்சிட்டே போகும். வளர்ற குட்டிக்கு இது சில வாரத்துலயே கால்ல தெரிஞ்சிடும், பெரிய நாய்க்கு மாசக்கணக்குல, சிலதுக்கு வருஷக்கணக்குல ஆகும், அதனால "என் நாய் மூணு வருஷமா கறி சோறு தான் துன்னுது, ஒண்ணும் ஆவல"ன்னு சொல்றவங்கள நம்பி குட்டிக்கு அதையே குடுத்தா மாட்டிக்குவோம்.

காட்டுல வேட்டையாடற மிருகம் கறிய மட்டும் துன்றதில்ல, எலும்பையும் கடிச்சு முழுங்குது, ஈரல், ரத்தம் எல்லாம் சேந்து தான் அதுக்கு ஒரு சாப்பாடு. நாம கறிக்கடையில சுத்தமான கறிய மட்டும் வாங்கிட்டு வந்து போட்டா அது பாதி சாப்பாடு தான். அதுக்காக சமைச்ச எலும்ப நாய்க்கு போடுங்கன்னு சொல்லல, அது வேற ஆபத்து, வெந்த எலும்பு கூர்கூரா சிலும்பா ஒடையும், குடல்ல குத்தி ஆபரேஷன் வரைக்கும் போகும். பச்சை எலும்பு அந்த அளவுக்கு சிலும்பாது, ஆனா பச்சைக்கறியோட சால்மோனெல்லா கிருமியும் வீட்டுக்குள்ள வரும், நாய் பெரும்பாலும் தாங்கிக்கும், அது நக்கற கைய வாயில வெக்கற கொழந்த தாங்காது. எங்க வீட்ல சின்ன பசங்க இருக்கறதால நான் பச்சைக்கறி பக்கமே போறதில்ல.

அப்போ கால்சியம் எங்க இருந்து வரும்? முட்டை ஓட்டுல இருந்து. ஓட்ட கழுவி, கொதிக்கிற தண்ணில அஞ்சு நிமிஷம் போட்டு எடுத்து, நல்லா காய வெச்சு, மிக்ஸில மைதா மாதிரி மாவா அரைக்கணும், வெரல்ல தேச்சா நறநறன்னு இருக்கக்கூடாது. ஒரு முட்டை ஓடு அஞ்சு, ஆறு கிராம் வரும், அதுல சுத்தமான கால்சியம் மட்டும் ரெண்டு கிராம் சொச்சம், ஏன்னா ஓடு கிட்டத்தட்ட முழுக்க கால்சியம் கார்பனேட். 15 கிலோ வளந்த நாய் ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 1 கிராம் கால்சியம், அதாவது இந்த பொடி அரை டீஸ்பூன். அவ்ளோதான் விஷயம், காசு கூட கெடையாது, நாம தெனம் குப்பையில போடறது.

கேவுரு களி போட்டா கால்சியம் வராதான்னு நம்ம பக்கம் நெறைய பேரு கேப்பாங்க, வட ஆற்காட்டுல கேவுரு இல்லாத வீடு ஏது. கேழ்வரகுல 100 கிராமுக்கு 340, 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கறது நெசம் தான், தானியத்துலயே அதான் ஒசத்தி, ஆனா அதுல இருக்கிற பைட்டேட்டும் ஆக்ஸலேட்டும் கால்சியத்த புடிச்சு வெச்சுக்கும், முழுசா உடம்புல சேராது. களி நல்ல சாப்பாடு, அரிசிக்கு பதிலா தாராளமா போடலாம், முட்டை ஓட்டு பொடிக்கு பதிலா அத நம்பக்கூடாது.

இப்போ இதுக்கு அப்படியே எதிர்ப்பக்கம். காட்பாடியில எங்க அக்கா ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினாங்க, செவலைக்கு ஆனத பாத்து பயந்து போயி, நல்ல கம்பெனி பப்பி ஃபுட் போட்டுட்டு அது மேல கால்சியம் டானிக் காலைல அஞ்சு எம்எல் சாயங்காலம் அஞ்சு எம்எல் ஊத்திட்டு இருந்தாங்க, யார் கேட்டாலும் "எலும்பு ஸ்ட்ராங்கா வரட்டும்"னு சொல்வாங்க. அதுவும் தப்பு, ஒரு விதத்துல பாத்தா இன்னும் மோசமான தப்பு. பப்பி ஃபுட்ல கால்சியம் ஏற்கனவே அளவா சேத்திருக்கும். வளந்த நாய்க்கு கால்சியம் அதிகமா போனா குடல் கொஞ்சம் மட்டும் எடுத்துக்கிட்டு மீதிய மலத்துல தள்ளிடும், ஆறு மாசத்துக்கு கீழ இருக்கிற குட்டிக்கு அந்த கட்டுப்பாடு சரியா வராது, குடுக்க குடுக்க பெரும்பகுதி உள்ள ஏறிக்கிட்டே இருக்கும். 1980-கள்ல நெதர்லாந்துல கிரேட் டேன் குட்டிகளுக்கு கால்சியம் அதிகமா குடுத்து பாத்தப்போ எலும்பும் குருத்தெலும்பும் கோணலா வளந்துச்சு. லாப்ரடார், ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி வேகமா வளர்ற பெரிய ஜாதிக்கு இது ரொம்ப பொருந்தும். அமெரிக்காவுல ஆஃப்கோன்னு ஒரு அமைப்பு நாய் தீனிக்கு அளவு வகுத்து வெச்சிருக்கு, அதுல பெரிய ஜாதி குட்டிக்கு மட்டும் கால்சியம் உச்சவரம்ப தனியா கொறைச்சு, தீனியில தண்ணி போக மீதி எடையில 1.8 சதவீதம்னு போட்டிருக்காங்க, மத்ததுக்கு 2.5. முழு சத்துள்ள பாக்கெட் போட்டா டானிக் வேணாம், டாக்டர் தனியா எழுதிக் குடுத்தா ஒழிய. அக்கா நிறுத்திட்டாங்க.

ஒரு நாள் தட்டு எப்படி இருக்கணும்னு நான் செய்யறத சொல்றேன். நாய்க்கு எவ்ளோ கலோரின்னு டாக்டருங்க ஒரு சூத்திரம் வெச்சிருக்காங்க, எடைய 0.75 அடுக்குக்கு ஏத்தி 70-ஆல பெருக்கணும், அது படுத்தே கெடந்தாலும் உடம்புக்கு வேண்டியது, கருத்தடை பண்ணின சாதாரண வீட்டு நாய்க்கு அத 1.6-ஆல பெருக்கினா ஒரு நாள் கணக்கு வரும். 15 கிலோ நாய்க்கு 850 கிலோ கலோரி கிட்ட வரும். செவலை இப்போ அதே எடை. அதுக்கு எலும்பில்லாத கோழிக்கறி 250 கிராம் (பச்சையா நிறுத்தது), அரிசி 100 கிராம், முட்டை ஒண்ணு, ஈரல் ஒரு சின்ன துண்டு 15 கிராம் போல, பரங்கிக்காயோ கேரட்டோ பீன்ஸோ ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு டீஸ்பூன், முட்டை ஓட்டு பொடி அரை டீஸ்பூன். உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் இல்லாம குக்கர்ல ஒண்ணா போட்டு குழைய விட்டு, ஆறினதும் பொடிய கலந்து ரெண்டு வேளையா பிரிச்சு குடுக்கறேன். ஈரல் சத்து தான், ஆனா அதுல வைட்டமின் ஏ ரொம்ப ஜாஸ்தி, உடம்புல தங்கி சேரும், கறிக்கடையில சல்லிசா கெடைக்குதுன்னு தெனம் கால் கிலோ போடறவங்க இருக்காங்க, வேணாம். முட்டைய வேக வெச்சு தான் குடுக்கணும், பச்ச வெள்ளைக்கருவுல இருக்கிற அவிடின்ங்கற பொருள் பயோட்டின்ங்கற வைட்டமின கட்டிப்போட்டுடும்.

இதோட எல்லாம் முடிஞ்சிடுச்சான்னா, இல்ல, அத நேர்மையா சொல்லணும். 2013-ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல, டேவிஸ் வளாகத்துல, நாய்க்கான வீட்டு சமையல் குறிப்பு 200 எடுத்து கணக்கு போட்டு பாத்தாங்க, புத்தகத்துல வந்தது, இணையத்துல வந்தது, டாக்டருங்களே எழுதினதும் அதுல இருந்துச்சு, 95 சதவீதத்துல ஒரு சத்தாவது குறைஞ்சுது, 80 சதவீதத்துக்கு மேல பல சத்து குறைஞ்சுது. துத்தநாகம், தாமிரம், வைட்டமின் டி, வைட்டமின் ஈ, அயோடின் இதெல்லாம் தான் வழக்கமா விட்டுப்போறது. நான் மேல சொன்ன தட்டுலயும் இதெல்லாம் குறையும். அதனால வீட்டு சாப்பாட்டு மேல போடறதுக்குன்னே வர்ற மல்டிவைட்டமின் மினரல் பொடி ஒண்ண டாக்டர் கிட்ட கேட்டு சேத்துக்கணும், அந்த பொடியில கால்சியம் எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டு முட்டை ஓட்ட அதுக்கேத்த மாதிரி கொறைக்கணும். வாரத்துல ஒரு நாள் மத்தி மீனு வேக வெச்சு முள்ளு நீக்கி குடுத்தா வைட்டமின் டி-யும் ஒமேகா கொழுப்பும் கொஞ்சம் வரும்.

சைவ வீட்டுக்காரங்க தயிர்சாதம் மட்டும் போட்டு வளக்கறாங்க, பாசமா தான் வளக்கறாங்க, ஆனா புரதம் பத்தாது. 15 கிலோ நாய்க்கு குறைஞ்சபட்சம் 38 கிராம் புரதம் வேணும், முழுக்க அரிசியா போட்டாலும் 240 கிராம் அரிசியில 17 கிராம் தான், தயிர் ஒரு கப்பு சேத்தா 20 சொச்சம். முடி மங்கும், தொடைச்சதை கரையும். நாய் பூனை மாதிரி கட்டாய மாமிச பிராணி கெடையாது, மனுசனோட வாழ்ந்து வாழ்ந்து மாவுச்சத்த செரிக்கிற மரபணு ஓநாய விட நாய்க்கு பல மடங்கு பிரதி ஆயிருக்குன்னு 2013-ல சுவீடன் ஆராய்ச்சியாளருங்க கண்டுபுடிச்சாங்க, அதனால சோறு ஒத்துக்காதுங்கறதும் பொய், சோறு மட்டும் போதும்ங்கறதும் பொய். முட்டை, பனீர், ஊற வெச்சு வேக வெச்ச மீல் மேக்கர் (ஊற வெக்கறதுக்கு முன்னாடி காய்ஞ்ச எடையில பாதி புரதம் தான்) இதெல்லாம் தயிர்சாதத்தோட சேந்தா தட்டு நெறையும்.

பாக்கெட்டுக்கு வருவோம். இதோட கத 1860-கள்ல லண்டன்ல ஆரம்பிக்குது, ஜேம்ஸ் ஸ்ப்ராட்டுங்கற அமெரிக்கர் துறைமுகத்துல நாய்ங்க கப்பல் பிஸ்கட்ட பொறுக்கி துன்றத பாத்து தான் நாய் பிஸ்கட் விக்க யோசிச்சாருன்னு சொல்வாங்க. இன்னிக்கி நாம பாக்கிற உருண்டை 1957-ல தான் வந்துச்சு, அமெரிக்காவுல பியூரினா கம்பெனி மாவ எக்ஸ்ட்ரூடர்ல அழுத்தி தள்ளி பொரிய வெச்சு எடுத்தாங்க, கடையில விக்கிற சோள பஃப் செய்யற அதே மெஷின் வேலை தான். அந்த மெஷின்ல மாவுச்சத்து இல்லாம உருண்டை பொரியாது, அதனாலதான் பெரும்பாலும் எந்த டிரை ஃபுட் எடுத்தாலும் மக்காச்சோளமோ அரிசியோ கோதுமையோ பருப்போ இருந்தே தீரும். வெளிய வந்த உருண்டை மேல கொழுப்பும் வாசனையும் தெளிப்பாங்க, நாய் ஓடி வர்றது அந்த வாசனைக்கு தான், உள்ள இருக்கிற சத்துக்கும் அது ஓடி வர்றதுக்கும் சம்பந்தமே இல்ல. "எங்க நாய் இத மட்டும் தான் விரும்பி துன்னுது"ங்கறது நல்ல தீனிக்கு சாட்சி ஆவாது.

பையோட முன்பக்க படத்த விட்டுட்டு பின்னாடி திருப்பி பாருங்க. முதல்ல பாக்க வேண்டியது கம்ப்ளீட்னு போட்டிருக்கா, காம்ப்ளிமென்டரின்னு போட்டிருக்கான்னு. காம்ப்ளிமென்டரின்னா அது தொட்டுக்க மட்டும், அத மட்டுமே சாப்பாடா போடக்கூடாது, கிரேவி பௌச், ட்ரீட் நெறைய இந்த ரகம். அடுத்தது குட்டிக்கா பெரியதுக்காங்கறது. அப்புறம் புரதம். ஆஃப்கோ கணக்குல ஈரம் நீக்கின எடையில வளந்த நாய்க்கு குறைஞ்சது 18 சதவீதம், குட்டிக்கு 22.5. இந்த ஈரம் நீக்கின எடைங்கறதுல தான் நாம ஏமாறறோம். பௌச்ல புரதம் 8 சதவீதம்னு போட்டிருக்கும், டிரை பாக்கெட்ல 20 சதவீதம்னு போட்டிருக்கும், பௌச் மட்டமோன்னு தோணும், ஆனா பௌச்ல 80 சதவீதம் தண்ணி, மீதி 20-ல 8 புரதம்னா 40 சதவீதம் ஆச்சு, டிரையில 10 சதவீதம் தான் தண்ணி, 90-ல 20-ன்னா 22. கணக்கு அப்படியே திரும்பிடுச்சு பாருங்க.

பொருள் பட்டியல் எடை வாரியா இறங்குவரிசையில இருக்கும். மொதல்ல சிக்கன்னு இருந்தா சந்தோஷப்படறோம், ஆனா அது தண்ணியோட சேந்த எடை, வெந்து காய்ஞ்சா கால்வாசி ஆயிடும். சிக்கன் மீல்னா ஏற்கனவே காய வெச்சு பொடியாக்கினது, அதனால ரெண்டாவது எடத்துல இருக்கிற சிக்கன் மீல் மொதல் எடத்து பச்ச சிக்கன விட புரதம் ஜாஸ்தி குடுக்கலாம். மக்காச்சோளம், சோள குளூட்டன், கோதுமை, கோதுமை தவிடுன்னு நாலா பிரிச்சு போட்டிருந்தா எல்லாத்தையும் கூட்டி பாருங்க, அப்போ யாரு மொதல்லன்னு தெரியும். சாம்பல் (தீனிய எரிச்சா மிஞ்சற தாது உப்பு) அளவு போடலன்னா 7 சதவீதம்னு வெச்சு, புரதம் கொழுப்பு நார் ஈரம் எல்லாம் கூட்டி 100-ல கழிச்சா மீதி தான் மாவுச்சத்து.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும், நம்ம நாட்டுல மனுசன் சாப்பாட்ட கண்காணிக்கிற 2006 உணவுப் பாதுகாப்பு சட்டத்துல உணவுங்கற வரையறைக்குள்ள கால்நடை தீவனம் வராது. அதனால பிஸ்கட் பாக்கெட்டுக்கு இருக்கிற அதே காவல் நாய் பாக்கெட்டுக்கும் இருக்குன்னு நெனச்சுட்டு கண்ண மூடி வாங்கக்கூடாது. வெளிநாட்டுலயும் தப்பு நடந்திருக்கு, 2007-ல அமெரிக்காவுல கோதுமை குளூட்டன்ல புரதம் ஜாஸ்தி காட்டறதுக்காக நைட்ரஜன் நெறைய இருக்கிற மெலமைன்ங்கற ரசாயனத்த கலந்தது தெரிய வந்து, ஒரு கம்பெனி மட்டுமே 6 கோடி டின்னும் பௌச்சும் திரும்ப எடுத்துச்சு, சிறுநீரகம் போயி எத்தனையோ நாய் பூனை செத்துச்சு. லேப்ல புரதத்த நைட்ரஜன வெச்சு அளக்கறதால தான் அந்த ஏமாத்து செல்லுபடி ஆச்சு.

லூஸ்ல வாங்காதீங்க. நம்ம ஊர்ல சில கடைங்கள்ல பெரிய மூட்டைய பிரிச்சு டப்பாவுல கொட்டி கிலோ கணக்குல போடறாங்க, அதுல பேட்ச் நம்பர் இல்ல, தேதி இல்ல, எப்போ பிரிச்சதுன்னும் தெரியாது. வேலூர் வெயில் தெரியும்ல, கத்திரி நேரத்துல 41, 42 டிகிரி, அந்த சூட்டுல மேல தெளிச்ச கொழுப்பு சீக்கிரம் சிக்கு அடிக்கும், வைட்டமினும் போயிடும். மழை நாள்ல ஈரம் புடிச்சா பூஞ்சை. மல்லாட்டை (வேர்க்கடலை) வெளைவிக்கிற ஊர்க்காரங்களுக்கு பூஞ்ச புடிச்ச கொட்டைய பத்தி சொல்ல வேணாம், அந்த பூஞ்சை விடற விஷமான அஃப்லடாக்ஸின் உலகத்துக்கு தெரிஞ்சதே 1960-ல இங்கிலாந்துல மல்லாட்டை புண்ணாக்கு துன்ன ஒரு லட்சம் வான்கோழி செத்தப்போ தான், நாய்க்கு அது நேரா கல்லீரல்ல அடிக்கும், மக்காச்சோளத்துலயும் வரும். ஒரு மாசத்துல தீர்ற அளவு பை வாங்குங்க, அந்த பையிலயே வாய மடிச்சு கிளிப் போட்டு வெயில் படாத எடத்துல வைங்க. நான் மோந்து பாத்துட்டு தான் போடறேன், பழைய எண்ணெய் வாடை வந்தா போடறதில்ல.

தானியமில்லாத தீனின்னு வெல ஜாஸ்தியா வர்றதுக்கு ஓடாதீங்க, அரிசிக்கு பதிலா பட்டாணி, பருப்பு தான் அதுல ரொப்பறாங்க, 2018 ஜூலையில அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த மாதிரி தீனிக்கும் இதயம் வீங்கற நோய்க்கும் தொடர்பு இருக்கான்னு விசாரிக்க ஆரம்பிச்சுது, முடிவா ஒண்ணும் நிரூபணம் ஆகல, ஆனா நாய்க்கு அரிசி அலர்ஜி இல்லாதப்போ அந்த சந்தேகத்த காசு குடுத்து வாங்க வேண்டியதில்ல.

ஞாயித்துக்கெழம பிரியாணி மிச்சத்த பத்தி சொல்லாம விட முடியாது, ஏன்னா ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்னு நம்ம பெல்ட்ல நாய்க்கு வர்ற பிரச்சனையில பாதி அதுல இருந்து தான் வருதுன்னு நான் நெனக்கிறேன். வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்த சிவப்பணுவ ஒடைக்கும். ஒரு கிலோ எடைக்கு 15 கிராம் வெங்காயமே பாதிப்பு காட்ட போதும், 15 கிலோ நாய்க்கு கால் கிலோ கூட இல்ல, அதுக்கு கொறைவா அடிக்கடி போனாலும் சேந்து பாதிக்கும், பச்சையா வதக்கினதா பொடியாங்கற வித்தியாசம் இல்ல. பிரியாணி மசாலாவுல எவ்ளோ வெங்காயம், மேல பச்சடி வேற. உடனே ஒண்ணும் தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சு ஈறு வெளுக்கும், மூத்திரம் காபி கலர்ல போகும், அப்போ ஓடணும். பிரியாணி எண்ணெய், கோழித்தோல், கொழுப்பு ஒரே வேளையில நெறைய போனா கணையம் வீங்கி வாந்தியா எடுக்கும். திராட்சையும் கிஸ்மிஸ்ஸும் சிறுநீரகத்துக்கு ஆவாது, பாயாசத்துல கெடக்கிற கிஸ்மிஸ் கூட வேணாம். சாக்லேட், சுகர்ஃப்ரீ சூயிங்கம்ல இருக்கிற சைலிடால்ங்கற இனிப்பு, ரெண்டுமே அவசர ஆஸ்பத்திரி கேஸு.

டீக்கடையில தெரு நாய்க்கு பிஸ்கட் போடற பழக்கம் நல்ல மனசு தான். 50 கிராம் பிஸ்கட்ல 225 கிலோ கலோரி, மைதா சக்கர பாமாயில். 15 கிலோ நாய்க்கு ஒரு நாள் தேவையில கால்பங்குக்கு மேல அது ரொப்பிடும், சத்து ஒண்ணும் வராது. அதே காசுக்கு ஒரு வேக வெச்ச முட்டை போட்டுட்டு போங்க. பால் வேணாம், வளந்த நாய்க்கு பால்சக்கர செரிக்காது, நெறைய நாய்க்கு பேதி ஆவும், தயிர் பரவால்ல.

கடிக்கறதுக்கு விக்கிற தோல் எலும்பு பத்தியும் ரெண்டு வார்த்தை. நாம தோல் ஊர்க்காரங்க, ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் தோல் ஷாப்ல வேல பாத்தவங்களுக்கு தெரியும், தோல சுண்ணாம்புல ஊற வெச்சு, ரெண்டா சீவி, மேல்பக்கம் செருப்புக்கு போகும், அடிப்பக்கத்த முறுக்கி காய வெச்சது தான் அந்த வெள்ள எலும்பு. அது சாப்பாடே கெடையாது, பெரிய துண்டா முழுங்கினா வயித்துல ஊறி உப்பி குடல்ல அடைக்கும், கூட இருந்து பாத்துட்டு சின்னதா ஆனதும் புடுங்கிடணும். ஷாப்ல இருந்து விழற துண்ட எடுத்துட்டு வந்து நாய்க்கு போடறவங்கள பாத்திருக்கேன், குரோமியம் ரசாயனத்துல பதப்படுத்தின தோலு அது, தயவுசெஞ்சு வேணாம்.

அளவு. பாக்கெட் பின்னாடி போட்டிருக்கிற அளவு வெறும் தொடக்கம் தான், பெரும்பாலும் ஜாஸ்தியா தான் இருக்கும். டிரை ஃபுட் 100 கிராமுக்கு 350 கிலோ கலோரின்னா செவலைக்கு 240 கிராம், டம்ளர்ல அளக்காம தராசுல நிறுத்து போட்டா தான் தெரியும் நாம எவ்ளோ அள்ளி போட்டுட்டு இருந்தோம்னு. லாப்ரடார் வெச்சிருக்கவங்க அது பசியா பாக்குதுன்னு போடாதீங்க, 2016-ல கேம்பிரிட்ஜ்ல கண்டுபுடிச்சாங்க, லாப்ரடார்ல நாலுல ஒண்ணுக்கு கிட்டத்தட்ட வயிறு நெறைஞ்சத சொல்ற மரபணுவே ஒரு துண்டு குறைஞ்சு இருக்கு, அது பொய்யா கேக்கல, நெசமாவே பசிக்குது அதுக்கு, அதனால தான் நாம கணக்கு வெச்சுக்கணும். 48 லாப்ரடார்கள 14 வருஷம் தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வு 2002-ல வந்துச்சு, கால்பங்கு கம்மியா துன்ன நாய்ங்க சராசரியா ரெண்டு வருஷம் கிட்ட கூட வாழ்ந்துச்சு, மூட்டு வலியும் லேட்டா தான் வந்துச்சு.

தீனிய மாத்தறதா இருந்தா ஒரே நாள்ல மாத்தாம ஏழு நாள்ல மாத்துங்க, பழசுல கால்பங்கு எடுத்துட்டு புதுசு கால்பங்கு, ரெண்டு நாள் கழிச்சு பாதி பாதி, அப்படியே. வெயில் காலத்துல விடிகாலைலயும் இருட்டினப்புறமும் தட்ட வைங்க, அரை மணி நேரத்துல துன்னலன்னா எடுத்துடுங்க, ஈர சாப்பாடு நம்ம மே மாசத்துல ரெண்டு மணி நேரம் தாங்காது. மலம் கெட்டியா எடுக்க வர்ற மாதிரி போகுதா, முடி மினுக்குதா, விலாவ கையால தடவினா எலும்பு ஒவ்வொண்ணா வெரலுக்கு தட்டுதா ஆனா கண்ணுக்கு துருத்திட்டு நிக்கலையா, இத வாரத்துக்கு ஒரு தடவ பாத்தா போதும்.

செவலைக்கு டாக்டர் சொன்ன மாதிரி ரெண்டு மாசம் ஓட விடாம கட்டி வெச்சு, கம்ப்ளீட்னு போட்ட பப்பி ஃபுட் மட்டும் குடுத்தோம், டானிக் ஊசி எதுவும் இல்ல. அடுத்த எக்ஸ்ரேல எலும்பு ஓரம் வெள்ளையா கோடு விழ ஆரம்பிச்சிருந்துச்சு. இப்போ நாலு வயசு, ஒரு வேள பாக்கெட், ஒரு வேள வீட்டு சாப்பாடு, ரெண்டையும் பாதிப்பாதியா பிரிச்சு தான், வீட்டு வேளைக்கு பொடியும் பாதி, அதாவது கால் டீஸ்பூன். எடது முன்னங்கால் மட்டும் இன்னும் லேசா வெளிய வளைஞ்சு தான் இருக்கு.